ஹெட்ஃபோன் போட்டவர் தலையாட்டினால்

சுயாதீன இசைக்கலைஞர் என்றொரு ஜீவராசி உண்டு. உங்கள் மாடிவீட்டில் இருக்கலாம். உங்கள் மைத்துனராகவே கூட இருக்கலாம். வருஷத்தில் எட்டு மாதம் யாருக்கும் தொந்தரவில்லாமல் கிட்டாரை அணைத்துக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கும். சீசன் வந்ததோ, தொலைந்தது! சுயாதீனம் என்றால் என்ன தெரியுமா? மேலே முதலாளி கிடையாது, கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. கீழே மட்டும் ஆள் உண்டு. அவர்கள் அவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பார்கள்.

நம்மவருக்கு இந்த மாதம் ஆறு பாட்டு ஒலிப்பதிவு, ஒன்பது மேடை. பாட்டு எழுதுபவர் அவர், மெட்டுப் போடுபவர் அவர், பாடுபவர், வாசிப்பவர், பதிவு செய்பவர், போஸ்டர் போடுபவர், அந்தப் போஸ்டருக்குக் கீழே வேறொரு பெயரில் வந்து ‘மெய்சிலிர்த்தது’ என்று எழுதுபவரும் அவரே. யாராவது போனில் “எப்படிப்பா இருக்கே?” என்றால் “செம டைட்” என்பார். “நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டால் மவுசு குறைந்துவிடுமாம்.

ஸ்டூடியோ எங்கே? படுக்கையறைத் துணி அலமாரிதான். உள்ளே தொங்கும் சட்டைகளுக்கு நடுவே மைக், ஜன்னலில் கம்பளி, கதவிடுக்கில் தலையணை. பதிவு ஆரம்பித்துவிட்டால் மின்விசிறி நிற்கும், ஃப்ரிட்ஜ் நிற்கும், டிக் டிக் என்று கேட்கிறதென்று சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியும் கழற்றப்படும். குழாயைத் திறக்கக்கூடாது. தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வரவேண்டும். ஒருமுறை அவருடைய வீட்டம்மா வாசிப்புக்கு நடுவே தோளைத் தொட்டுக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை!

“இன்னொரு டேக்.” இதுதான் அவருடைய மூச்சு. முதல் டேக் நன்றாக வந்துவிடும். நன்றாக வந்ததாலேயே சந்தேகமும் வந்துவிடும். முப்பத்தேழாவது டேக்கில் தொண்டை கட்டிக்கொண்ட பிறகு முதல் டேக்கையே எடுத்து வைத்துக்கொண்டு, “அதுல ஒரு ஃபீல் இருக்கு” என்பார்.

இந்த அமளியில்தான் மகளின் பள்ளி ஆண்டுவிழா வந்தது. பத்து வயது. முதல் முறையாக மேடை ஏறிப் பாடப்போகிறாள். மாலை ஐந்து மணிக்கு அப்பா கிட்டார் வாசிப்பதாக ஏற்பாடு.

“வந்துடுவீங்கல்லப்பா?”

“எத்தனை மேடை பார்த்தவன்கிட்ட கேக்கிறே!”

விழா நாளன்று மத்தியானம். நம்மவர் காதில் ஹெட்ஃபோன், கண் மூடியிருக்கிறது, பத்தொன்பதாவது டேக் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டம்மா வந்தார், தொடாமல் தள்ளி நின்று ஏதோ சொன்னார். நம்மவர் தலையாட்டினார். வீட்டம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். பாவம், இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் அவருக்குத் தெரியவில்லை. ஹெட்ஃபோன் போட்டவர் தலையாட்டினால் அது சம்மதம் அல்ல, தாளம்.

இன்னும் ஏழு டேக் எடுத்துவிட்டு, நம்மவர் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டார். பத்தொன்பதாவதில் கிட்டாருக்குப் பின்னால் ஒரு பெண்குரல்!

“ஏங்க, கேக்குதா? நேரத்தை மாத்திட்டாங்க. அஞ்சு மணி இல்ல, மூணு மணி. நாங்க முன்னாடி போறோம், நீங்க ரெண்டரைக்குள்ள கிட்டாரோட வந்துடுங்க. புள்ள நேத்திலேர்ந்து பயந்துபோய்க் கிடக்கா. தலையாட்டுறீங்களே, காதுல விழுந்துச்சா?” பதிலுக்குக் கிட்டார் மட்டும். “சரி, நம்பிப் போறேன்.”

வேறு மனிதனாயிருந்தால் என்ன செய்திருப்பான்? செருப்பைக்கூடத் தேடாமல் ஓடியிருப்பான். நம்மவருக்குக் கண் கலங்கியது.

“ஆஹா! என்ன ஒரு டோன்!”

மூன்று வாரமாக இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு சோகம் தேடிக்கொண்டிருந்தார். இதோ, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது! அந்த ‘நம்பிப் போறேன்’ என்ற இடத்தில் என்ன நடுக்கம், என்ன ஏக்கம்! அதை மட்டும் வெட்டியெடுத்து, இரைச்சலைத் துடைத்து, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, சரணத்துக்கு முன்னால் பொருத்தினார். எட்டு முறை கேட்டார். ஒன்பதாவது முறை, அதில் வார்த்தைகளும் இருப்பது தெரிந்தது.

மணி பார்க்கக் கடிகாரத்தில் உயிரில்லை. போனும் அணைந்து கிடந்தது. உயிர்ப்பித்தால், மூன்று பத்து. பதினொரு அழைப்புகள்.

ஸ்கூட்டரில் கிட்டாரைக் குறுக்கே போட்டு, வழியெல்லாம் நாலு பேரின் வசவை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் பாய்ந்தபோது மூன்று நாற்பது. கழுத்தில் ஹெட்ஃபோன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இடி இடிக்கவில்லை. மின்னல் வெட்டவில்லை. மகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

“பாடிட்டியா கண்ணு?”

“ம். ரெண்டாவது வரி மறந்துபோச்சு. முதல் வரியையே மறுபடி பாடிட்டேன்.”

“கிட்டார் இல்லாமலா?”

“விளையாட்டு சார் மேசையில தட்டினாரு.”

நம்மவர் அப்படியே மண்டியிட்டுவிட்டார். “அப்பாவுக்காக இங்கேயே ஒரு தடவை பாடுடா. நான் வாசிக்கிறேன். இன்னொரு டேக்.”

“என் முறை முடிஞ்சுபோச்சுப்பா. இப்ப நாடகம் பாக்கணும்.” பாவாடையில் உதிர்ந்ததைத் தட்டிவிட்டு எழுந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அழுதிருந்தால் எவ்வளவோ தேவலை.

மிச்சமிருந்தது, தூணோரம் நின்றிருந்த வீட்டம்மா. அவரைச் சமாதானப்படுத்த நம்மவருக்குத் தோன்றிய வழியைப் பாருங்கள்.

“உன் குரலைப் பாட்டுல சேர்த்திருக்கேன் தெரியுமா?”

“எந்தக் குரலை?”

“நம்பிப் போறேன்னு சொன்னியே, அதை. அப்படியே உருக்குது!”

வீட்டம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பத்திரமா வெச்சுக்குங்க. இனிமே நேர்ல கிடைக்காது.”

நம்மவர் அந்தத் தாழ்வாரத்தில் கிட்டாரும் கையுமாக நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக எந்த டோனும் அவர் காதில் விழவில்லை. சொன்னது மட்டும் விழுந்தது.

சிரித்துக்கொள்ளுங்கள், வாசகரே. உங்கள் வீட்டில் கிட்டார் கிடையாது, மைக் கிடையாது, நீங்கள் அந்த இனமே கிடையாது. இருக்கட்டும். நீங்கள் இந்தப் பக்கத்தின் நடுவே எங்கோ இருந்தபோது அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் உங்களிடம் என்னவோ சொன்னது. நீங்களும் கண்ணை எடுக்காமல் ‘ம்’ என்றீர்கள். என்ன சொன்னார்கள்?

நம்மவரிடமாவது அது பதிவாகியிருந்தது.