கடிக்காத பூனை

பூனை கடிக்கவில்லை.

கூடையைத் திறந்துவிட்டு, வழக்கம்போல இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார் பிழை திருத்துபவர். பூனை வெளியே வந்தது. சோம்பல் முறித்தது. நாற்காலியில் ஏறி அவருடைய முழங்கையில் தலையை முட்டிவிட்டு, மடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. மனிதர் மூச்சுக்கூட விடவில்லை.

அச்சகத்தில் முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவர் அவர். ஒரு கால்புள்ளி இடம் மாறி உட்கார்ந்தாலும் கண்ணுக்குத் தப்பாது. இந்தப் பூனையில் ஏதோ பெரிய பிழை இருக்கிறது என்று அவருக்கு உடனே பட்டுவிட்டது.

அது மனைவியின் பூனை. அதன் அனுமதி இல்லாமல் அந்த வீட்டு சோபாவில் யாரும் உட்கார முடியாது என்பதால் மேனேஜர் என்று பெயர். மனைவியிடம் குழைந்து குழைந்து போகும். அவரை மட்டும் கண்டால் ஆகாது. எட்டு வருஷத்தில் அவருடைய பத்து விரல்களில் அதனிடம் கடிபடாதது இடது சுண்டுவிரல் ஒன்றுதான். மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி, கிளம்பும் முன்பே மேனேஜரின் பல் ஆபரேஷனுக்கு நாள் குறித்து வைத்திருந்தாள். கொண்டுபோய் விடுவதும் மறுநாள் கூட்டி வருவதும் மட்டுமே அவர் வேலை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை அவர் படிக்காமல் இல்லை. பேனாவை எடுத்து அதில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருந்தார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால்தான் சொல்லத் தெரியாது.

'பல்லைப் பிடுங்கினதால் குணம் மாறியிருக்குமோ?' என்று ஒரு நிமிஷம் யோசித்தார். போன மாதம்தான் அவருடைய முதலாளிக்கு நாலு பல் பிடுங்கினார்கள். மனுஷன் துளிகூட மாறவில்லை. ஆகவே அந்த யோசனையை அடித்துவிட்டார்.

சாயங்காலம் மனைவி போன் பண்ணினாள்.

"என்னங்க, மேனேஜர் எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"உங்களைக் கடிச்சாளா?"

மடியில் கிடந்தது குர்ர் என்று சுகமாக உறுமியது.

"கடிச்சா."

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

"அப்பாடா! உடம்பு தேறிடுச்சு. ஞாயித்துக்கிழமை வந்துடறேன்."

மூன்று நாள் போனது. அவர் வீட்டில் புரூஃபை வாய்விட்டுப் படித்துத் திருத்தினால் அது பக்கத்தில் உட்கார்ந்து தானும் பார்த்தது. குளிக்கப் போனால் வாசலில் காத்திருந்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எட்டு வருஷமாக அவர் மனசுக்குள் ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான். வெட்கத்தினால் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் உறுத்தல் போகவில்லை. ஆஸ்பத்திரியில் மேனேஜருக்குப் பக்கத்துக் கூண்டில் இன்னொரு சாம்பல் பூனை இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. நாலாம் நாள், மனசைத் திடப்படுத்திக்கொண்டு போன் பண்ணினார். நர்ஸ் பெண் எடுத்தாள்.

"ஏம்மா, அன்னைக்குப் பக்கத்துல ஒரு சாம்பல் பூனை இருந்துதே..."

"அதை ஏன் கேக்கறீங்க சார்! வீட்டுக்காரம்மா கையில குடுக்கறப்பவே எகிறிக் குதிச்சு ஓடிடுச்சு. பாவம் அந்தம்மா, சோறு தண்ணி இல்லாம தெருத்தெருவா தேடுறாங்க."

போனை வைத்துவிட்டார். விஷயம் விளங்கிவிட்டது. மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஓடிப்போனது மேனேஜர். மடியில் இருப்பது அந்த அம்மாவுடையது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மேனேஜரைப் பிடித்தாக வேண்டும். இதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இரண்டாவதை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் முதல் வேலையை முதலில் எடுத்துக்கொண்டார்.

மேனேஜரின் முகத்தை நிதானமாகப் பார்க்க அது அவரை விட்டதே கிடையாது. கடியை மட்டும் எங்கே பட்டாலும் அடையாளம் சொல்வார். எனவே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தெருக்களில், கண்ணில் பட்ட சாம்பல் பூனைக்கெல்லாம் விரலை நீட்டிக்கொண்டே போனார். முதல் பூனை நக்கியது. இரண்டாவது மதிக்கவே இல்லை. ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடையில், ஒரு வண்டிக்கு அடியில் இருந்த மூன்றாவது, இடது சுண்டுவிரலைப் பிடித்து எலும்பு வரைக்கும் கடித்தது.

"ஆஹா! நீயேதான்!" என்று கத்தினார். முன்னங்காலில் ஊசி போடுவதற்காக மழித்த சதுரம்கூட இருந்தது. விரலில் ரத்தம் சொட்ட, முகமெல்லாம் பல்லாக நின்றவரைப் பார்த்து மெக்கானிக் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றார்.

பையைப் போட்டு அமுக்கி வீட்டுக்குக் கொண்டு வந்தார். வந்தது திரைச்சீலையைக் கிழித்தது. நாற்பது பக்கப் புரூஃபைக் குதறியது. மடிப்பூனை பயந்துபோய் அவருடைய சட்டைக்குள் நுழைந்துகொண்டது. அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது இவர் நெஞ்சில் தெரிந்தது. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

தெருவில் திரிந்த மேனேஜரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லலாம் என்று, சனிக்கிழமை காலையில் இரண்டு கூடைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மடிப்பூனையின் கூடையை நர்ஸிடம் நீட்டினார். கை விட மறுத்தது.

"இந்தாம்மா, அந்த அம்மாகிட்ட குடுத்துடு. யாராவது படிச்சுக் காட்டினா நல்லாக் கேக்கும்னு சொல்லு. சத்தம் போட்டா பயப்படும், அதையும் சொல்லு."

நர்ஸ் அடுத்த கூடையை எட்டிப் பார்த்தாள்.

"சார்! இதைத்தானே அந்தம்மா தேடிக்கிட்டு இருக்காங்க! எங்க பிடிச்சீங்க?"

"அது எங்க மேனேஜர்மா."

"இது ஆம்பளைப் பூனை சார்."

முப்பது வருஷ அனுபவம் குனிந்து கூடைக்குள் மறுபடியும் பார்த்தது.

அவள் மடிப்பூனையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். "இதுதான் உங்க மேனேஜர். இதோ, நாங்க போட்ட தையல்."

"இருக்கவே முடியாது. எட்டு வருஷமா என்னைக் கடிச்சுக்கிட்டே இருந்தவம்மா அவ!"

"சும்மா இருக்கறப்பவா கடிக்கும்?"

"சும்மா இல்ல. தினமும் காலைல ஆசையா கன்னத்தைத் தடவிக் குடுப்பேன். உடனே கடிச்சிடுவா."

"உங்க வீட்டம்மாவை?"

"அவ முதுகைத்தான் தடவுவா. அவளை ஒண்ணும் பண்ண மாட்டா."

"நீங்க எந்தக் கன்னத்தைத் தடவுவீங்க?"

அவர் பூனையின் இடது கன்னத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பூனை கண்ணை மூடிக்கொண்டு அந்த விரலில் சாய்ந்தது.

நர்ஸ் அந்த விரலையும் பூனையையும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"பல வருஷமா அழுகிக் கிடந்த மூணு பல்லையும் அந்தப் பக்கம்தான் சார் எடுத்தோம்."