நீ வந்துபோன ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீங்கள் எல்லாரும் நலம் என்று நீ போனை எடுக்காததிலிருந்தே தெரிகிறது. பேசினாலும் ‘மீட்டிங்ல இருக்கேம்மா’ என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு மறதி என்று டாக்டர் சொல்லிவிட்டால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு முதியோர் இல்லம்தான் என்று சொல்லி, என்னை ஞாபகமறதி ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டாயே, அங்கே நடந்ததைக் கேள். அந்த டாக்டர் பெண் ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். ஐந்தையும் சொன்னேன், நடுவில் அவள் நர்ஸைத் திட்டியதையும் சேர்த்துச் சொன்னேன். அப்புறம் ‘போன ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்துச்சு பாட்டி?’ என்றாள். ‘ஒண்ணும் நடக்கலை, தனியா உட்கார்ந்திருந்தேன்’ என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

‘உங்க பையன் வந்திருந்தாரே! சேர்ந்து சாப்பிட்டு, சாயங்காலம் வரைக்கும் பேசிட்டிருந்தீங்களாமே!’

‘யாரு சொன்னா?’

‘அவர்தான். வீட்டு ஆளுங்க சொல்றதை வச்சுத்தான் நாங்க சரிபார்ப்போம்.’

ஏண்டா, அம்மாவைப் பார்க்கப் போகவில்லை என்று சொல்ல உனக்கு வெட்கம், அதற்கு மதிப்பெண் குறைந்தது எனக்கா? ‘அவன் வரவே இல்லை!’ என்று கத்தினேன். கோபமும் நோயின் அறிகுறியாம், அதையும் எழுதிக்கொண்டாள். சொன்னதையே சொல்கிறேன் என்று வேறு நீ வத்திவைத்தாயாமே? உன் கல்யாணத்தில் சம்பந்தியம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்து என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளினாய், போட்டோவில் என் முழங்கை மட்டும்தான் இருக்கிறது. நூறு தடவை சொல்வேன். நீ ஒரு தடவை பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன்.

நாளைக்கே டாக்டரிடம் போய் ‘நான் போகலை, பொய் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள். அதுவரை என் வாசற்படி ஏறாதே. தினமும் ஏறிக் கிழிக்கிறவன்தான்!

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் முழு ஆசீர்வாதம். உனக்குப் பாதி போதும்.

எதையும் மறக்காத
அம்மா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அந்த டாக்டரே வீட்டுக்கு வந்துவிட்டாள். ‘அப்ப உங்க பையன்தான் பொய் சொல்றாரா பாட்டி?’ என்று கேட்டாள். பெற்ற பிள்ளையை வெளியாள் பொய்யன் என்றால் வாய் சும்மா இருக்குமா? ‘வந்தான்மா, நான்தான் மறந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி கேட்பாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சாப்பிட்டாய் என்று உடனே எழுது. நான் சமைத்ததுதானே, எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?