புழுவுக்கு ஊற்றிய பால்

குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, அதில் இரண்டு சட்டை. வேலை போய் நடப்பது எனக்குப் புதிதல்ல; ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து பழகிய நடை. ஆனால் ஒரு புழுவுக்குக் காரியம் செய்து வேலை போனது அன்றுதான் முதல்முறை.

செடிகள் விற்கும் பண்ணையில், அரளியைத் தின்னும் புழுக்களைப் பொறுக்கி நசுக்குவது என் வேலை. ஒன்றை மட்டும் நசுக்க மனம் வரவில்லை. விரல் தடிமனில் பச்சை உடம்பு, வாலில் குட்டிக் கொம்பு. தொட்டால் தலையைத் தாழ்த்தி இரண்டு நீலக் கண்களால் முறைக்கும். (யார் முறைத்தாலும் நான் அடங்கிவிடுவேன்.) டப்பாவில் தழை போட்டு வளர்த்தேன். ஐந்தாம் நாள் தின்பதை நிறுத்தி, பழுப்பாகி, சுருங்கி, அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று ஒரு ரோஜாத் தொட்டியின் தேங்காய் நார்த்தூளில் புதைத்தேன். மூன்றாம் நாள் முறைப்படி பாலும் ஊற்றினேன்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தை அலங்கரிக்கத் தொட்டிகளைச் சுமந்தவன் நான்தான். பூத்திருந்ததால் அந்தத் தொட்டியும் போனது. கேசரி வந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா அலறினார். கசங்கிய சிறகோடு ஏதோ ஒன்று தொட்டியிலிருந்து அவருடைய பட்டுச்சேலையில் ஏறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வனத்துறைக்காரர். “யம்மா, அசையாதிய. செறகு விரியட்டும்” என்றார்.

விரிந்தது. பச்சையும் இளஞ்சிவப்புமாக, அந்தப் பட்டே மங்கிப்போகும் அழகு.

“பருந்து அந்துப்பூச்சி. அரளியில நீலப்பொட்டு வச்ச புழு கெடக்கும்லா, அதான். அது கண்ணு இல்ல, குருவியப் பயமுறுத்துத பொட்டு. பழுப்பானா மண்ணத் தேடி எறங்கி, கூட்டுப்புழுவாயிரும்.”

என்னால் வாயை மூட முடியவில்லை. “அப்போ அது சாகலையா சார்? நான்லா பொதைச்சேன்! பாலுகூட ஊத்துனேனே!”

கேசரித் தட்டுகள் கீழே இறங்கின.

“நல்ல காரியத்துல கருமாதித் தொட்டியவா கொண்டு வச்சிருக்கிய?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“ஏலே, வெளிய போலே!” என்றார் முதலாளி. உள்ளேயிருந்து பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். (கல்யாணம் நடந்தது. அந்த வீட்டில் யாராவது அசந்து தூங்கினால், “பால ஊத்திராதிய, முழிச்சிருவாவ” என்று இன்றும் சொல்கிறார்களாம்.)

வழியெல்லாம் அரளி இலைகளைப் புரட்டிப் பார்த்தபடியே நடந்தேன். ஒன்றும் தின்னாமல், ஒன்றும் குடிக்காமல் (பால் நீங்கலாக), இருட்டுக்குள் அது எப்படிச் சிறகு செய்தது?

மறுநாள் காலை தென்காசியில், இடுகாட்டுக்குக் குழிவெட்ட ஆள் தேடினார்கள்.

“முன்னப்பின்ன பொதைச்சிருக்கியாலே?”

“ஒண்ணு” என்றேன். அது எழுந்து வந்ததைச் சொல்லவில்லை.