இல்லாத மென்பொருளின் இடையறாத ஓட்டம்

தையல்நாயகியின் விரல்கள் விசைப்பலகையில் பறந்துகொண்டிருந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் மனிதகுலத்தின் மகத்தான விசாரணை ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள் உண்மையில் இருக்கிறதா, இல்லையா? புதுச்சேரியின் அந்தச் சிறிய அரசு அலுவலகத்தைத் தவிர, இப்படிக் கேட்கும் துணிச்சல் வேறெவருக்கும் வந்ததில்லை.

நடந்தது இதுதான். ஊரின் குடும்ப அட்டைகளையெல்லாம் சுமக்கும் சர்வரில், எந்த மென்பொருள் எங்கே நிறுவப்பட்டது என்ற பதிவு காணாமல் போயிருந்தது. டேட்டாபேஸ் என்னவோ ஜோராக ஓடியது. ஆனால் காலையில் புதிய திருத்தத்தை ஏற்றப் போனால், 'இங்கே எதுவுமே நிறுவப்படவில்லை' என்று சர்வர் கையை விரித்துவிட்டது. ஒப்பந்த ஊழியர் தையல்நாயகிதான் அழித்திருப்பாள் என்று பேச்சு. மாலைக்குள் பதிவு திரும்பாவிட்டால், அவளுடைய பணி நீட்டிப்புக் கோப்பில் கையெழுத்து விழாது.

துணை இயக்குநர் பிரேம்குமார், நிர்வாக மேதை, பிரச்சினையின் வேரையே பிடித்தார்.

"பதிவுல இல்லாதது எப்படிம்மா ஓடுது? யாரு அனுமதி குடுத்தா?"

"அது பாட்டுக்கு ஓடும் சார். பதிவு இல்லன்னா திருத்தம்தான் ஏறாது."

"அப்ப முறைப்படி நிறுத்திட்டு, அனுமதி வாங்கி ஓட்டலாமே."

கண்காணிப்பாளர் சாமிக்கண்ணு அதை வழிமொழிந்தார். மென்பொருளிடமே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பலாம் என்றும், சேதராப்பட்டுக் கிடங்கில் கிடக்கும் பழைய சர்வருக்குத் 'தகவலுக்காக' ஒரு நகல் போகட்டும் என்றும் சொன்னார். பெறுநர் முகவரியில் விவாதம் சூடேறி, தேநீருக்காக ஒத்திவைக்கப்பட்டது.

அந்த இடைவேளையில் தையல்நாயகி வேலையை முடித்துவிட்டாள். மென்பொருள் குடியிருக்கும் இடத்தைக் காட்டி, 'இதோ இருக்கிறது, மறுபடி எழுதிக்கொள்' என்று ஒரே கட்டளை. பதிவு பிழைத்தது. திருத்தமும் ஏறியது.

பிரேம்குமார் நெகிழ்ந்தார். இதைத் தம் தலைமையிலான 'மீட்புக் குழு'வின் வெற்றியாக அறிவித்து, அதே வேகத்தில் நீட்டிப்புக் கோப்பிலும் கையெழுத்திட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, அழித்த கையைச் சும்மா விடுவதாக இல்லை என்றும், யாரென்று தெரிந்தால் அவள் அச்சமின்றிச் சொல்லலாம் என்றும் உறுதியளித்தார்.

தையல்நாயகி கோப்பை வாங்கிச் சாமிக்கண்ணுவிடம் நீட்டி, முத்திரை விழும்வரை பொறுத்திருந்துவிட்டு, பிரேம்குமார் பக்கம் திரும்பினாள்.

"ஆயுத பூஜைக்கு மெஷின வெளிய தொடச்சா மட்டும் பத்தாது, உள்ளயும் ஒட்டட அடிக்கணும்னு என்னய எழுப்பிட்டு என் சீட்டுல ஒக்காந்தீங்களே சார். பழைய தேதி ஃபைலா பாத்துப் பாத்து அழிச்சது நீங்கதான். எனக்குக் குடுத்த வேல, மேல சந்தனப் பொட்டு வெக்கிறது மட்டும்தான்."