மூணு ப்ளஸ் நிறுத்திய சித்தூர் பஸ்

உலகத்தில் உள்ள சகலத்தையும் பழுப்பு நிறத்தை வைத்தே எடைபோட்ட ஒரே மனிதர் மூணு ப்ளஸ்தான். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

திருப்பதியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வகத்தில் நானும் அவரும் டாக்டர்கள். கட்டியிலிருந்து எடுத்த துணுக்குக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பது எங்கள் வேலை. தேடுகிற புரதம் இருந்தால் பழுப்பு ஏறும். லேசாக ஏறினால் ஒரு ப்ளஸ், அடர்த்தியாக ஏறினால் மூன்று. இருவரும் தனித்தனியே பார்த்து, பிறகு பேசி ஒத்துப்போனால்தான் முடிவு வெளியே போகும்.

மனிதர் அதை ஆய்வகத்தோடு விட்டாரா? கேண்டீனில் தோசையைத் திருப்பி அனுப்புவார்.

"மாஸ்டர், நான் கேட்டது மூணு ப்ளஸ். இது ஒண்ணுகூட தேறாது. ஓரம் மட்டும்தான் செவந்துகீது."

தம்பி மகளுக்கு வரன் பார்க்கச் சொந்த ஊரான நகரிக்குப் போனவர், மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "வடை ரெண்டு ப்ளஸ். சம்பந்தம் வச்சிக்கலாம்" என்று எழுந்துவிட்டார். கல்யாணம் நடந்தது. நன்றாகவும் இருக்கிறார்கள்.

நானோ நிறையப் படித்தவன். எந்தப் புரதம் எவ்வளவு இருந்தால் நோயாளி எத்தனை காலம் இருப்பார் என்ற வரைபடங்கள் எனக்கு மனப்பாடம். அதுதான் வினையாயிற்று.

ஒரு மதியம், சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை செய்யும் கோவிந்தன் ஆய்வக வாசலுக்கு வந்தார். மனைவிக்கு மார்பில் கட்டி. முடிவைச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை தரும் டாக்டர். நாங்கள் வாய் திறக்கக் கூடாது. ஆனால் அந்தத் தெலுங்கு ஊரில் அவர் தமிழில் கேட்டார்.

"சார், மறைக்காத சொல்லுங்க. எங்க ஊட்டம்மாவுக்கு எப்பிடி கீது?"

"இந்தப் புரதம் ரொம்ப அதிகமா இருக்கு. இந்த வகைக் கட்டி வேகமாப் பரவும். ரொம்ப நாள் தாங்கறது கஷ்டம்."

"அப்ப இன்னாத்துக்கு சார் அத்த ஊசி மருந்துன்னு நோவடிக்கணும்? ஊட்டுக்கே கூட்டிக்கினு போயிடறேன்."

கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நான் சோற்று டப்பாவைத் திறந்தேன்.

உள்ளேயிருந்த மூணு ப்ளஸ் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

"இன்னா சார் சொல்லி அனுப்பிட்டீங்க? அந்தக் கணக்கு பழசு. இப்ப அந்தப் புரதத்தையே புடிச்சி அடிக்கிற ஊசி கீதே. நெறைய இருந்தாதான் அது வேலையே செய்யும்."

எனக்கும் தெரியும். வரைபடத்தைச் சொன்ன பெருமிதத்தில் ஊசி நினைவுக்கு வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

அவர் வெள்ளைக் கோட்டோடு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். பஸ் நிலையத்தில் சித்தூர் பஸ் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. குறுக்கே பாய்ந்து, முன்கண்ணாடியில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார்.

"ஏமய்யா, பிச்சி பட்டிந்தா?" என்று கண்டக்டர் தெலுங்கில் கத்தினார்.

"பைத்தியந்தாம்பா. அத்த அப்பால பாத்துக்கலாம். உள்ள கீற கோவிந்தனையும் அவுரு சம்சாரத்தையும் எறக்கு."

இறங்கினார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். என்னைக் காட்டிக்கொடுக்க மூணு ப்ளஸுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

"கோச்சிக்காதம்மா. எங்க ஆபீஸ்ல எதையும் ரெண்டு பேரு சேந்துதான் சொல்றது. சார் மொத பாதி சொன்னாரு. மீதியச் சொல்ல நான் வந்தேன். இதுக்குன்னே மருந்து கீது. கண்டிப்பா பொழைச்சிக்குவியான்னா எனக்குத் தெரியாது. ஊசி போடாத போனா, சார் சொன்னதுதான் நடக்கும்."

அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊசி போட்டுக்கப் போறது நானா, நீயா? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கையிலிருந்த பையைக் கணவர் தோளில் மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். இப்போதும் வருடா வருடம் சோதனைக்கு வந்து போகிறாராம்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அன்று நடந்ததை மூணு ப்ளஸ் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. அவர் பஸ்ஸை நிறுத்தியது அந்த அம்மாளுக்காகத்தான். எனக்காகவும்தான் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.