கோட்டை கட்டியவன் நாசமாய்ப் போக

மேட்டின் பாதியிலேயே குளோவிஸுக்குத் தெரிந்துவிட்டது, இன்று பெண் கேட்கப்போவதில்லை, நெஞ்சு வெடித்துச் சாகத்தான் போகிறோம் என்று.

முன்னால் இன்னொரு சைக்கிளில் ஃபெர்னான் லபாட் போய்க்கொண்டிருந்தார். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சொலான்ஜின் அப்பா. முப்பது வருடம் கசாப்புக் கடை நடத்தி, மாட்டுத் தொடைகளைத் தோளில் சுமந்த உடம்பு. புறப்பட்டதிலிருந்து ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"மிஸ்யூ லபாட்! வெயில் கொளுத்துது, கொஞ்சம் தண்ணி குடிக்கலாமா?"

"வேணாம்!" என்றது முதுகு.

"நின்னுட்டுப் போனா..."

"நிக்கக் கூடாது!"

குளோவிஸ் வாயை மூடிக்கொண்டான். வாயை மூடினால் மூச்சு விட முடியவில்லை என்பதால் மறுபடி திறந்துகொண்டான்.

எல்லாம் ஒரு பொய்யால் வந்தது. போர்தோ நகரத்தில் அவன் குடியிருந்த வீட்டுச் சுவரில், முன்பு இருந்தவன் விட்டுப்போன சைக்கிள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. குளோவிஸ் அதில் ஈரத் துண்டு காயப்போடுவான். கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவனுக்கு அதற்கு மேல் அந்தச் சைக்கிளால் உபயோகமில்லை. சொலான்ஜ் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "அட, நீ சைக்கிள் ஓட்டுவியா?" என்று கண்ணை விரித்தாள். அந்தக் கண்கள் அப்படி விரிந்தபோது அவன் விமானம் ஓட்டுவேன் என்றுகூடச் சொல்லியிருப்பான்.

"ஞாயித்துக்கிழமை நூறு கிலோமீட்டர் போகலன்னா எனக்குச் சோறே இறங்காது" என்றான்.

போன மாதம் அவள் ஊருக்குப் போன் பேசிவிட்டு வந்தாள். "உன்னைப் பத்தி அப்பாகிட்ட சொன்னேன். உடனே, 'பையனைக் கூட்டிட்டு வா, நாங்க ரெண்டு பேரும் சைக்கிள்ல ஒரு நீண்ட சுத்து போயிட்டு வரோம்'னுட்டார். அப்பா சைக்கிள் ஓட்டுவார்னு எனக்கே தெரியாது! கடையை வித்ததுக்கப்புறம் ஆரம்பிச்சிருப்பார் போல."

ஓய்வு பெற்ற மனிதர், கையில் நிறைய நேரம், காலில் நிறைய வலு. குளோவிஸ் அன்றிரவு தூங்கவில்லை.

இப்போது மேட்டின் உச்சியில், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தேவாலயம் தெரிந்தது. மூளைக்கு ரத்தம் போகாத அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது.

"மிஸ்யூ! அந்தக் கோயில் எந்தக் காலத்துது?"

"ஏன்?"

"எனக்குப் பழங்காலத்துக் கட்டடம்னா உயிர்! பாக்காம தாண்டிப் போகவே முடியாது!"

ஃபெர்னான் தேவாலயத்தை நோக்கித் திரும்பினார். நேராகச் சுவரிடம் போனார். தோளால் சுவரில் 'தொப்' என்று சாய்ந்து, அப்படியே நின்றார். பிரேக்கைத் தொடவே இல்லை. வீரர்களுக்கு இப்படியும் ஒரு பாணி உண்டு போலும் என்று குளோவிஸ் வியந்தான்.

"ரொம்பப் பழசு" என்றார் ஃபெர்னான், நெற்றியைத் துடைத்தபடி. "நல்லா பாரு தம்பி. அவசரமே இல்ல."

குளோவிஸ் நன்றாகப் பார்த்தான். மூக்கு உடைந்த புனிதர் ஒருவரின் காலடியில் உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை அவரது கால் விரல்களை ஆராய்ச்சி செய்தான். பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி இவர்களைப் பார்த்து நெகிழ்ந்துபோனாள்.

"இந்தக் காலத்துல சின்னப் பசங்க யாரு இதையெல்லாம் பாக்குறாங்க! தம்பி, இது ஒண்ணுமே இல்ல. அடுத்த மேட்டுல பழைய காவல் கோபுரம் இருக்கு. அதைப் பாக்காம போனா பாவம்."

"அடுத்த மேட்டுலயா?"

"இதைவிடப் பெரிய மேடு. காட்சி பிரமாதமா இருக்கும்."

ஃபெர்னான் அவனைப் பார்த்தார். அவன் ஃபெர்னானைப் பார்த்தான்.

"உனக்கு உயிராச்சே" என்றார் அவர்.

ஜெர்ஸ் மாவட்டத்தின் கோளாறு அதுதான். பழையது எதுவானாலும் மேட்டில் இருக்கும். அந்தக் காலத்தில் எதிரி வருவதைப் பார்க்க வசதி என்று கோட்டையையும் கோபுரத்தையும் உச்சியில் கட்டிவிட்டு நிம்மதியாகச் செத்துப்போனார்கள். அத்தனை பிரபுக்களில் ஒருவனுக்காவது பள்ளத்தில் வீடு கட்டத் தோன்றியிருக்கக் கூடாதா என்று மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சாபம் விட்டான் குளோவிஸ்.

கோபுரத்தில் ஒரு காவலாளி இருந்தார். வாரக்கணக்கில் யாரும் வராமல் பேச்சுக்கு ஏங்கிக் கிடந்தவர். பழமை விரும்பி என்று தெரிந்ததும் விடவில்லை.

"உச்சி வரைக்கும் படி இருக்கு. வாங்க, வாங்க!"

"கீழ இருந்தே நல்லாத் தெரியுதே..."

"கீழ இருந்து பாக்குறவன் சுற்றுலாக்காரன். நீங்க ரசிகர்!"

ஃபெர்னான் கோபுரத்துச் சுவரை விட்டு நகரவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா தம்பி. நான் ஏற்கெனவே பாத்துட்டேன்."

குளோவிஸ் ஏறினான். இரண்டு கால்களும் தன்னுடையவை அல்ல என்பதுபோல் ஒவ்வொரு படியிலும் கையால் தூக்கி வைத்தான். மேலே காவலாளி நூற்றாண்டு வாரியாகப் பேசினார். குளோவிஸ் கீழே எட்டிப் பார்த்தான். ஃபெர்னான் ஓய்வெடுக்கவில்லை. சைக்கிளில் ஏறி, சதுக்கத்தின் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"என்ன மனுஷர்யா" என்றார் காவலாளி. "ரத்தம் ஆறிடக் கூடாதுன்னு ஓட்டிக்கிட்டே இருக்கார் பாருங்க."

குளோவிஸ் தடுமாறிக் கீழே வந்ததும், ஃபெர்னான் சுற்றுவதை நிறுத்தாமலே கத்தினார். "வந்துட்டியா? ஏறு, ஏறு! போயிடலாம்!"

அடுத்து இறக்கம். அதற்காகத்தான் குளோவிஸ் இவ்வளவு நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆனால் ஃபெர்னான் பிரேக் போடாமல் இறங்கினார். பீரங்கியிலிருந்து கிளம்பிய குண்டு மாதிரி இறங்கினார். "வழி! வழி!" என்று கத்தினார். ஒரு பண்ணை வாசலில் வாத்துக்கூட்டம் நாலாபக்கமும் சிதறியது. பண்ணைக்காரி துடைப்பத்தோடு ஓடிவந்து அவருடைய வம்சத்தை நாலு தலைமுறைக்கு விசாரித்தாள். பின்னால் பிரேக்கைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே வந்த குளோவிஸ் அவளுக்கு மன்னிப்புச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

கீழே வளைவில் ஃபெர்னானைக் காணோம். சாலையைத் தாண்டி, சூரியகாந்திக் கொல்லைக்குள் ஒரு பாதை விழுந்திருந்தது. அதன் கோடியில் பூக்களுக்கு நடுவே தலை மட்டும் தெரிய அவர் நின்றார்.

"மிஸ்யூ லபாட்! என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல." காதில் ஒட்டியிருந்த இதழைத் தட்டிவிட்டார். "இந்த வருஷம் விளைச்சல் எப்படின்னு பாக்க வந்தேன்."

"எப்படி இருக்கு?"

"திடமா இருக்கு."

இந்த மனிதரிடம் ஓட்டி ஜெயிக்க முடியாது, ஏமாற்றித்தான் தப்ப வேண்டும் என்று குளோவிஸ் முடிவு செய்தான். அவர் கொல்லையிலிருந்து வெளியே வருவதற்குள் குனிந்து, பின் சக்கரத்தின் வால்வைத் திறந்துவிட்டான்.

"ஐயோ, பஞ்சர்! சே! இன்னிக்குப் பாத்தா! இனிமே வீட்டுக்குப் போன் பண்ணி வண்டியை வரச் சொல்ல வேண்டியதுதான்."

ஃபெர்னானின் முகம் ஒரு கணம் பிரகாசித்தது போலிருந்தது. உடனே தன்னை அடக்கிக்கொண்டார். "நீ இதுல கில்லாடின்னு சொலான்ஜ் சொன்னாளே. நீயே சரி பண்ணிட மாட்டியா?"

"பண்ணிடுவேன். கையில சாமான் இல்ல. உங்ககிட்ட?"

"நான் எடுத்துட்டு வரல. வீரன் சைக்கிள்ல இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது, பாரு."

இருவரும் அந்தச் சக்கரத்தை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஃபெர்னான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு எண்களை அழுத்தியும்விட்டார்.

அப்போது மணியடித்துக்கொண்டு வந்தது ஒரு சைக்கிள் கூட்டம். எல்லோரும் வெள்ளை முடி வைத்த பெண்கள். தலைவி குதித்திறங்கினாள்.

"என்ன, பஞ்சரா? தள்ளுங்க." சக்கரத்தை இரண்டு தரம் சுழற்றிப் பார்த்தாள். "பஞ்சர் எங்க இருக்கு? காத்து போயிருக்கு, அவ்வளவுதான். எந்தக் குரங்குப் பயலோ வால்வைத் திறந்து விட்டிருக்கான்."

"இந்தப் பக்கத்துப் பசங்க மோசம்" என்றான் குளோவிஸ், சிவந்துபோய்.

அவள் பம்பை எடுத்து அடித்துத் தீர்த்துவிட்டாள். "நாங்க கோட்டைக்குப் போறோம். மேலதான். எங்க வேகத்துக்கு வர முடியும்னா கூட வாங்க."

வேகம் என்று சொன்ன பிறகு எந்த ஆண்பிள்ளை மாட்டேன் என்பான்?

"சந்தோஷமா!" என்றான் குளோவிஸ்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் ஃபெர்னான், போனைப் பைக்குள் போட்டபடி. "நீங்க முன்னால போங்க அம்மா. பொம்பளைங்க போன அப்புறம் ஏறுறதுதான் எங்க வீட்டுப் பழக்கம்." அவர்கள் வளைவில் மறையும்வரை காத்திருந்து, பக்கத்திலிருந்த சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் காலை வைத்துச் சைக்கிளில் ஏறினார். பழைய தலைமுறையின் நாகரிகமே தனி என்று நினைத்துக்கொண்டான் குளோவிஸ்.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்கள் சாப்பிட்டு முடித்து, பாட்டில்களை மூடி, கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஃபெர்னான் அகழிச் சுவரில் மோதி நின்றார். குளோவிஸ் மோதுவதற்கு வேண்டிய வேகம்கூட இல்லாமல் பக்கவாட்டில் புல்லில் சரிந்தான். கொஞ்ச நேரம் கழித்து ஃபெர்னானும் அவன் பக்கத்தில் வந்து மல்லாந்தார். இருவரும் கோட்டையைப் பார்க்கவே இல்லை. மேகத்தைப் பார்த்தார்கள்.

இதற்குமேல் இழக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது குளோவிஸுக்கு.

"மிஸ்யூ லபாட், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எழுந்து நின்னு கேக்குறதுதான் முறை..."

"எழுந்திரிக்காதே. படுத்துக்கிட்டே கேளு."

"சொலான்ஜை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

ஃபெர்னானின் பெரிய கை புல்லில் தடவித் தடவி வந்து அவன் கையைப் பிடித்தது.

"அவ என் ஒரே பொண்ணு. அவளுக்குப் பிடிச்சவனோட எனக்கும் ஒட்டணும்னு ஆசை. உனக்கு எது பிடிக்குமோ அதுல நானும் கூட இருக்கணும்னு. அவ்வளவுதான்யா. கட்டிக்கோ."

குளோவிஸுக்குக் கண் நிறைந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சந்தோஷம் யாரை நிறுத்தவிட்டது?

"இனிமே நாம வாரா வாரம் போகலாம்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் போர்தோவுலேர்ந்து வந்துடுறேன்!"

பிடித்திருந்த கை விறைத்தது.

"வாரா வாரமா?"

"மழை பெஞ்சாலும் சரி!"

ஃபெர்னானின் கண்ணோரம் ஒரு துளி நீர் உருண்டு காதுக்குள் போனது. "மழை பெஞ்சாலும்" என்று மெல்லச் சொன்னார். இவ்வளவு உணர்ச்சிவசப்படுவார் என்று குளோவிஸ் எதிர்பார்க்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாத்துக்கறி மணம் தெருவரை வந்தது. வாசலில் சொலான்ஜ் துள்ளிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஒடெட் பஞ்சும் மருந்துப் பெட்டியுமாக நின்று, புருஷன் தலைமுதல் கால்வரை முழுசாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஃபெர்னான் தொழுவத்துச் சுவரை நோக்கி வந்தார். 'தொப்.' நின்றார்.

"சரின்னுட்டார்!" என்று கத்தினான் குளோவிஸ். சொலான்ஜ் ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் வலியில் அலறியதை எல்லோரும் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அப்பா எப்படி ஓட்டினார்?" என்றாள் அவள்.

"அவரா? காலையிலேர்ந்து அவர் முதுகை மட்டும்தான் பாத்தேன். பிறவி வீரர்!"

பக்கத்து வீட்டு மதாம் கஸ்தேரா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அடேயப்பா, ஃபெர்னான்! போன வாரம் வரைக்கும் என் பேத்தி சைக்கிள்லேர்ந்து கழட்டிக் குடுத்த ரெண்டு குட்டிச் சக்கரத்தை மாட்டிக்கிட்டுத்தானே தெருவுல உருட்டிக்கிட்டிருந்தீங்க, அதுக்குள்ள எப்படி நிறுத்துறதுன்னுகூடக் கத்துக்கிட்டீங்களா?"