மருந்தடியின் பாதி மீசை

மட்டாஞ்சேரியில் பேய் ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள், நின்ற நிலையில் பல் பிடுங்குகிறவர்கள் இருந்தார்கள், கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாங்களே காணாமல் போகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்த்தவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர்தான் மருந்தடி.

அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டில் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கிடங்குகளில் வண்டு விழாமல் மருந்துப்புகை போடுவது அவர் தொழில். அதனால் மருந்தடி. நேரில் பார்த்தால் மாமா என்போம், தெருமுனை திரும்பியதும் மருந்தடி என்போம். ஆள் ஒல்லி. மீசை மட்டும் வேறு யாரோ தடித்த ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். காலையிலும் மாலையிலும் அதற்குத் தேங்காய் எண்ணெய் உண்டு.

இது இரண்டாயிரத்து ஐந்தாறு வாக்கில் நடந்தது. டெலிபோன் கம்பி வழியாக வீடுகளுக்குள் இன்டர்நெட் வந்த காலம். அதோடு கூப்பிடாத விருந்தாளிகளும் வந்தார்கள். ஓசியில் ஒரு பாட்டோ படமோ இறக்கினால் போதும், கூடவே ஒரு பட்டை வந்து திரையின் மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்கு டூல்பார் என்று பெயர். மறுநாள் அதன் தம்பி வரும். அப்புறம் எடை குறைக்கச் சொல்லியும், உனக்குப் பரிசு விழுந்தது என்று சொல்லியும் விளம்பரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குதிக்கும். தேடிப் போன சமாச்சாரம் அடியில் நாலு விரல் இடத்தில் மூச்சுத் திணறிக்கொண்டு கிடக்கும்.

மருந்தடி இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். ஒரு மிளகு வியாபாரியின் கம்ப்யூட்டர் இப்படிப் படுத்துவிட்டது. எர்ணாகுளத்திலிருந்து வந்த மெக்கானிக் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றவேண்டும் என்றிருக்கிறார். புகை போட வந்த நம் ஆள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "நாலு வண்டு கெடந்தா கிடங்கையே கொளுத்துவியா சேட்டா?" என்றாராம். அன்றைக்கு மெக்கானிக்கைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தவர்தான். பதினைந்து நாள் அந்த வியாபாரியின் கடையிலேயே குடியிருந்து, எழுத்துக்கூட்டிப் படித்து, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து வித்தையைக் கற்றுக்கொண்டு எழுந்தார்.

ஆனால் மனிதர் கிடங்குச் சட்டத்தை விடவில்லை. மருந்தடிக்கும்போது கிடங்கில் ஆள் இருக்கக்கூடாது, கதவு திறக்கக்கூடாது. வீட்டிலும் அதே கதைதான். முதலில் டெலிபோன் வயரைப் பிடுங்குவார். "வாசலை அடைச்சிட்டுதான் மோளே மருந்து" என்பார் என்னிடம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அது சரியான வைத்தியம் என்று பின்னால் என் ஆபீஸ் கம்ப்யூட்டர்காரரே ஒப்புக்கொண்டார். அடுத்து வீட்டிலுள்ள அத்தனை பேரையும் தெருவில் நிறுத்துவார். ஜன்னல் இடுக்குகளில் பழைய பேப்பரைச் சொருகுவார். பிறகு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்காருவார். துணி எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "பழக்கம்" என்றார்.

உள்ளே அவர் பேசுவது தெருவரைக்கும் கேட்கும். கம்ப்யூட்டரில் ஏறியிருப்பவற்றின் பட்டியலைத் திறந்து, எந்தத் தேதியில் எது வந்தது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் விசாரிப்பார்.

"நீ யாருடே? மழை வருமான்னு சொல்ல வந்தியா? ஜன்னலைத் தொறந்தா எங்களுக்குத் தெரியாதா? எறங்கு."

மவுஸ் அமுக்குகிற சத்தம் கேட்கும். மறுபடி ஆரம்பிப்பார்.

"நம்மை விட்டுப் பிரியறதுக்கு வருத்தப்படுறோம்னு திரையில எழுதுறான் பாரு. அழுதா விட்ருவேனா? எறங்குடே."

தோப்பும்படியில் ஒரு மீன்பிடி போட்டு முதலாளி வீட்டில் இந்த வைத்தியம் நடந்த அன்றைக்கு நல்ல மழை. முதலாளி, மனைவி, மக்கள் எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். கதவு சாத்தியிருக்கிறது, ஒருத்தரும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அவர்களும் பேசாமல் நின்றார்கள். யாரோ இடக்கொச்சிக்குப் போன் போட்டுவிட்டார்கள். இரண்டு ஆட்டோ நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். முதலாளியின் மூத்த அண்ணன் ஓடிவந்து, உயிரோடு நின்ற தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். ஒருத்தர் மலர்வளையமே வாங்கி வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்த மருந்தடி, மூக்குத் துணியை அவிழ்த்து, "பதினாலு எண்ணம். எல்லாம் போச்சு" என்றார். அதுவரை அடக்கிக்கொண்டிருந்தவர்களும் அழ ஆரம்பித்தார்கள்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். அவரிடம் பயப்படவேண்டிய சங்கதி வேறு. மருந்தடித்து முடித்ததும், வண்டுக்குக் கதவு திறந்துவிட்ட ஆள் யார் என்று கண்டுபிடிக்காமல் போகமாட்டார். கண்டுபிடித்தால் அந்த ஆள் கம்ப்யூட்டர் முன்னால் கைகட்டி நின்று, "படிக்காம யெஸ் அமுக்க மாட்டேன்" என்று மூன்று தடவை சத்தமாகச் சொல்லவேண்டும். தெருவே வேடிக்கை பார்க்கும். ஜாதகம் பார்க்கப்போய் ஒன்பது டூல்பார் வாங்கிவந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரைக்கூட விடவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் அவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பா நகரசபைக் குடிநீர் ஆபீசில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு மெமோ வாங்கியதில்லை. அந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டுதான் தெருவில் நிமிர்ந்து நடந்தார். நான் அப்போது துறைமுக ஐலண்டில் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீசில் இருந்தேன். வீட்டிலும் டைப் அடிக்கலாமென்று ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வைத்தேன். "எனக்கு அதொண்ணும் வேண்டா, நான் தொடமாட்டேன்" என்று அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

இரண்டு மாதத்தில் திரையில் ஏழு மாடி டூல்பார் எழும்பிவிட்டது. மருந்தடி வந்தார், எங்களை வெளியே நிறுத்தினார், முடித்தார். எதிரே, இக்கா என்று நாங்கள் கூப்பிடுகிறவரின் சாயாக்கடை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர், "இது திரும்ப வராதா சேட்டா?" என்று சும்மாதான் கேட்டார். மருந்தடிக்குச் சுருக்கென்றது.

"நான் அடிச்ச எடத்துல வண்டு திரும்ப வந்த சரித்திரம் கெடையாது. வந்தா பாதி மீசையை எடுத்துக்கறேன்."

எட்டாம் நாள் மூன்று டூல்பார் வந்து உட்கார்ந்துகொண்டன.

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ரகசியமாக வந்து அடித்துவிட்டுப் போனார். மறுவாரம் ஐந்து வந்தன. சாயாக்கடைக்கு எப்படித்தான் தெரிந்ததோ, அவர் தெருவில் வந்தாலே, "சேட்டா, எந்தப் பக்கம்?" என்று மீசையைத் தொட்டுக் காட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் மூக்கில் துணி கட்டாமலேயே முகத்தை மூடிக்கொண்டு போனார்.

பிறகு எங்கள் வீட்டில் விசாரணை நடந்தது. என்னைக் கேட்டார். அம்மாவைக் கேட்டார். கம்ப்யூட்டர் திரையில் போன வாரம் பழனி முருகன் இருந்தார், இந்த வாரம் குருவாயூரப்பன் இருக்கிறார், இது யார் வைத்த படம் என்று கேட்டு அம்மாவையே முறைத்தார்.

"எந்தா தம்பி இது? எனக்கு அதை அணைக்கவே தெரியாது" என்றாள் அம்மா.

"அண்ணாச்சி?"

"மாரியம்மன் சத்தியமா நான் தொட்டதில்ல" என்றார் அப்பா. குரல் ஒரு சுருதி ஏறியிருந்தது. நான் கவனிக்கவில்லை. மாரியம்மன் பெயரைச் சொன்னபின் அந்த வீட்டில் யாரும் மேலே கேட்கமாட்டோம்.

"வர்ற சனிக்கிழமை முடிவு" என்று சாயாக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார் மருந்தடி. "ஆளைப் பிடிச்சு அதே மேசை முன்னால நிறுத்தி சொல்ல வைக்கிறேன். பிடிக்கலேன்னா மீசை."

சனிக்கிழமை காலை, அப்பா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, கம்ப்யூட்டர் மேசையைச் சுற்றித் தரையில் பச்சரிசி மாவை மெல்லிசாகத் தூவினார். கிடங்கில் எலி எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்கிற முறை அது. தூவிவிட்டுப் போய்விட்டார். அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். எனக்கு அரைநாள் ஆபீஸ். மத்தியானம் நான் பின்வாசல் வழியாக வந்து சமையற்கட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, முன்வாசலில் மருந்தடி நுழைந்தார். தெருவில் சாயாக்கடைக் கூட்டம் மொத்தமும் நின்றது. ஹெட்மாஸ்டர் முதல் வரிசையில் இருந்தார்.

மாவில் காலடி பளிச்சென்று இருந்தது. மேசையிலிருந்து கிளம்பி, நேராக அப்பாவின் நாற்காலிக்குப் போய் நின்றது. அப்பா இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின்மேல் வைத்துச் சம்மணம் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

மருந்தடி கதவைச் சாத்தினார். அப்பா பேப்பரைக் கீழே வைத்தார்.

"ஒரு சாமி படம் பாக்கத்தாண்டே உக்காந்தேன்" என்றார் அப்பா. "கட்டம் கட்டமா வந்து கேட்டுது. டிக்ஷனரி வச்சுப் பாத்தேன். எல்லாத்துலயும் ரெக்கமண்டட்னு போட்டிருந்தான். மேலெடத்து சிபாரிசோட வர்ற காகிதத்தை எப்படித் திருப்பி அனுப்பறது தம்பி? நாப்பது வருஷம் ஆபீஸ்ல நான் திருப்பினதில்ல. எனக்கு ஒருத்தனும் சிபாரிசு பண்ணினதில்ல, அதோட அருமை எனக்குத் தெரியாதா?"

அப்பா சாத்திய கதவைப் பார்த்தார்.

"தெருவுல எல்லாரும் நிக்கறாங்க இல்லே?"

"நிக்கறாங்க."

"சத்தியம் வேற பண்ணிட்டேன்" என்றார் அப்பா. அப்பாவைக் கைகட்டி நிற்க வைத்தால் அதற்கப்புறம் அவர் அந்தத் தெருவில் தலைகாட்டமாட்டார். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

மருந்தடி குனிந்து அவர் காதருகே சொன்னார். "அண்ணாச்சி, நீங்க தொட்டது மவுசை. கம்ப்யூட்டரைத் தொடல. சத்தியம் நிக்கும்."

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, முட்டிபோட்டு, மேசையிலிருந்து நாற்காலிவரை தரையைத் துடைத்தார். அப்பாவின் பாதம் இரண்டையும் துடைத்தார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று காலை இழுக்க, "சும்மா இரிங்க" என்று அதட்டினார். துண்டைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"என்னாச்சு சேட்டா, ஆள் கிட்டியா?"

"ஆள் ஒருத்தரும் இல்ல. மருந்து தோத்துப் போச்சு."

தெரு முழுக்கச் சிரிப்பு. ஹெட்மாஸ்டர் கைதட்டினார். மருந்தடி யாரையும் பார்க்காமல் நடந்து சாயாக்கடைக்கு அடுத்த சலூனில் ஏறி உட்கார்ந்தார். சலூன்காரருக்கே மனசு வரவில்லை.

"முழுசா எடுத்துரட்டே சேட்டா? அதுன்னா பார்க்கக் கொள்ளாம், பாதி அசிங்கம்."

"சொன்னது பாதி. பாதியை எடு."

இடப்பக்கம் போனது. அவர் மனைவி அன்றைக்குச் சாயந்திரமே பாலக்காட்டிலுள்ள தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள், முளைத்ததும் சொல்லி அனுப்பச் சொல்லி. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு மூட்டையைக் கீழே போட்டார்கள். இடையில் ஒரு மிளகு வியாபாரி வீட்டுக் கல்யாணம் வந்தது. போட்டோக்காரர் அவரை மட்டும் பக்கவாட்டில் திருப்பி நிற்க வைத்து எடுத்தார். அவர் ஒருவரிடமும் ஒரு வார்த்தை விடவில்லை. நான் இப்போது இதை எழுதுவது தெரிந்தால் என்னையும் தெருவில் நிறுத்திக் கதவைச் சாத்திவிடுவார்.

மீசை இரண்டு பக்கமும் சமமாக வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் அப்பா காலையில் சட்டை போட்டுக்கொண்டு மருந்தடி வீட்டு வாசலில் போய் நின்றார். பஜார் ரோட்டில் அப்பாவுக்கு ஒரு வேலையும் கிடையாது. இருந்தும் அவர் கிடங்குவரை கூடவே போனார், சாயந்திரம் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். சாயாக்கடையைத் தாண்டும்போது இருவரும் பேச்சை நிறுத்தியதில்லை. அப்பா எப்போதும் அவருக்கு இடப்பக்கமாகவே நடந்தார், மழை இல்லாத நாளிலும் குடையை விரித்து அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு.